கைப்பிடி வைத்த நாற்காலிக்கு நடந்த போர்

இருபத்திரண்டு ஆண்டுகள் திருச்சபை மூப்பராய் இருந்தும் ஒருமுறையேனும் தலைமை நாற்காலியில் அமர வாய்க்காத தவச்செம்மலே, மனைவியார் இருமுறை இஸ்திரி போட்ட வெண்சட்டை வேந்தரே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரே, நீவிர் வாழ்க! போதகர் காய்ச்சலில் படுத்த சனிக்கிழமை மாலை, சபையின் ஒழுகும் குழாயைப் பற்றிய குழுக்கூட்டத்தை நடத்துவது யார் என்று மூண்ட பெரும்போரை, கேட்போர் கொட்டாவி விடுமுன் இயம்பி முடிப்போம்.

களமோ பத்தடி அறை. அதிலே ஓடுகின்ற ஒரே மின்விசிறியின் கீழ், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலி அரியணையென விளங்கிற்று. அதை நோக்கிக் களிறென நடந்த நம் தலைவரை, ஆணி மூட்டை தூக்கித் தோள் திரண்ட மற்றொரு மூப்பர், இரும்புக்கடைக்காரர், மலையென மறித்தார்.

ஆண்டவர் தெரிந்துகொண்ட ஆரோனின் கோல் ஒன்றே துளிர்த்தது என்னும் முதற்கணையைத் தலைமையாசிரியர் தொடுக்க, மாமனார் சொற்கேட்டு மோசேயே அதிகாரத்தைப் பங்கிட்டான் என்று கடைக்காரர் அதை முறிக்க, நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொன்ன நிருப வசனத்தை இவர் வேலாய் எறிய, மந்தையை இறுமாப்பாய் ஆளாதே என்ற பேதுருவின் நிருபத்தை அவர் கேடயமாய் ஏந்த, வேதத்தின் தாள்கள் படபடத்தன. கடைசியில், முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் கடையனாக வேண்டும் என்ற பேரம்பு இருவர் வில்லிலிருந்தும் ஒருசேரப் புறப்பட்டது.

அவ்வளவுதான், போர் திசை மாறிற்று. தலைமையாசிரியர் முக்காலிக்கு இறங்கினார். கடைக்காரர் வாசற்படிக்கு இறங்கினார். விடுவாரா நம்மவர்? வெறுந்தரையில் சம்மணமிட்டார். கடைக்காரரோ இன்னும் ஒரு முழம் தாழ்ந்து, கழற்றிப் போட்ட செருப்புகளின் நடுவே அமர்ந்தார். தாழ்மையில் ஒருவரை ஒருவர் வென்ற வீரர் இருவரும் நாற்காலியைக் கடைக்கண்ணால் காவல் காத்தனர்.

மூன்றாவது உறுப்பினராகிய தையற்காரம்மா, விடிவதற்குள் நான்கு ரவிக்கை தைத்தாக வேண்டியவர், எழுந்து போய் அதில் அமர்ந்தார்.

"பொம்பளைங்க சபையில பேசுறதைப் பத்திப் பவுல் என்ன சொல்றாருன்னா..." என்று தரையிலிருந்து தொடங்கினார் தலைமையாசிரியர்.

அம்மையார் திருவாய் மலர்ந்தார்: "தெபொராள் பேரீச்சமரத்தடியில உக்காந்து இஸ்ரவேலுக்கே நியாயம் தீர்த்தா, அண்ணே. நான் ஃபேனுக்கு அடியில உக்காந்து ஒழுகுற குழாய்க்குத் தீர்க்கிறேன். சரிபண்ண ஆள் கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்க" என்றனர் தரைவாழ் மூப்பர் இருவரும். ஜெபத்தோடு கூட்டம் கலைந்தது.

காலியான அரியணையை நம் தலைவர் நெடுநேரம் நோக்கினார். போதகருக்கோ நாளையே காய்ச்சல் விட்டுவிடும். பாவம், நமக்கே மனம் பொறுக்கவில்லை. தலைவர் வீறுகொண்டு எழ முயன்றார்.

முட்டி பிடித்துக்கொண்டது, கடைக்காரர்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.