முதுகுநாணும் மாப்பிள்ளை அறையும்

கலியாணம் என்றதும் நழுவுகிற ஆண்கள் மட்டக்களப்பில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சாதகம் பொருந்தவில்லை, கட்டார் விசா வரவேண்டும், தங்கச்சிக்கு முதலில் முடியட்டும் என்று ஆளுக்கொரு சாட்டு. கடற்பாறையில் ஒட்டிக்கிடக்கும் ஒரு பிராணியின் உடலமைப்பைக் காட்டிக் கலியாணத்துக்குப் பயந்தவன் இந்தப் பூமியில் ஒருவன்தான். அவனோடு ஒரே அறையில் குடியிருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

கல்லடியில் ஒரு கத்தோலிக்க அன்ரியின் போர்டிங். நான் வங்கியில் வேலை. அவன் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் ரியூசன் கொடுப்பவன். பிள்ளைகள் வைத்த பெயர் 'முதுகுநாண்'. தாயின் வயிற்றில் முள்ளந்தண்டு உருவாகும் முன்பே நம் முதுகு நெடுக ஒரு மெல்லிய தண்டு ஓடுமாம். அதுதான் முதுகுநாண். அந்தப் பாடம் வந்தால் அவனுக்குக் குரல் தழுதழுக்கும். சொந்தப் பெயரை அவனே மறந்துவிட்டான். போனை எடுத்தால் "ஓம், முதுகுநாண்தான் கதைக்கிறன்" என்பான்.

உலகத்தில் உள்ள எல்லா மனிதரையும் அவன் முட்தோலி, கணுக்காலி, முதுகுநாணுள்ளது என்று மூன்றே பிரிவில் அடக்கிவிடுவான். வங்கியில் என் மனேஜரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "மச்சான், உங்கட மனேஜர் முட்தோலி. நட்சத்திர மீன் இனம். முன்பக்கம் எது, பின்பக்கம் எதெண்டு தெரியா. எந்தப் பக்கத்தால போனாலும் ஒரே மாதிரிக் குத்தும்."

"அப்ப நான்?"

"நீ கணுக்காலி. வெளியால கோது, உள்ளுக்க ஒரு எலும்பும் இல்ல. அந்தாள் சத்தம் போட்டா இறால் மாதிரிப் பின்னால பாயுறாய்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் மனேஜர் கூப்பிட்டபோது இரண்டடி பின்னால் போய்த்தான் "சேர்" என்றேன். அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரி நண்டுக்கறி வைப்பார். அதை வாங்க அவனைச் சந்தைக்கு அனுப்பியது ஒரே ஒரு தடவைதான். ஒவ்வொரு நண்டையும் மல்லாத்தி, வயிற்றில் மடிந்திருக்கும் மூடியைத் தடவி, "இது ஆண், ஒடுக்கமா இருக்கு. இது பொம்பிளை, அகலமா இருக்கு" என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கமளித்திருக்கிறான். நண்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சேர், நீங்க நண்டு வாங்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் இன்னும் மோசம். நண்டைக் கடிக்கமாட்டான். முதலில் உணர்கொம்பு, அடுத்து வாயுறுப்புகள், பிறகு இடுக்கிக் கால், கடைசியில் நடக்கிற கால்கள் என்று சோற்றுக் கோப்பை விளிம்பில் வரிசையாக வைப்பான். வரிசை முடிந்த பிறகுதான் முதல் கவளம். அதற்குள் நான் இரண்டாம் முறை சோறு போட்டு முடித்திருப்பேன். "மனே, கறி ஆறுது. அதைச் சாப்பிடு, பிரேதப் பரிசோதனை செய்யாத" என்று அன்ரி கெஞ்சுவார்.

இப்படிப்பட்டவனைக் கலியாணம் பயமுறுத்தியதற்குக் காரணம் எங்கள் ஊர் வழக்கம். இங்கே கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்க் குடியிருக்க வேண்டும். அவனுடைய பாடத்தில் அசிடியன் என்று ஒரு கடற்பிராணி வருகிறது. குஞ்சில் அதற்கு வால் உண்டு, வாலுக்குள் முதுகுநாண் உண்டு, துள்ளி நீந்தித் திரியும். ஒரு நாள் பாறையொன்றில் தலையை வைத்து ஒட்டிக்கொள்ளும். அத்தோடு வால் போச்சு, முதுகுநாண் போச்சு, நரம்பிலும் முக்கால்வாசி போச்சு. மிஞ்சுவது இரண்டு துவாரமுள்ள ஒரு பை. ஒன்றால் தண்ணீரை இழுத்து மற்றதால் விடுவதுதான் அதற்கு மேல் அதன் சீவியம்.

தேற்றாத்தீவிலிருந்து அவனுடைய அம்மா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போர்டிங்குக்கு வந்து அழாத குறையாகக் கேட்டார். "ஊரெல்லாம் அப்பிடித்தானேடா இருக்காங்க. உங்கப்பாவும் எங்கட வீட்டுக்கு வந்தவர்தானே!"

"அப்பாவைப் பாத்துத்தானேம்மா பயப்பிடுறன்!"

அப்பா வாசலில் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி ஒரு மிடறு உள்ளே போனது. பெருமூச்சு ஒன்று வெளியே வந்தது.

பிறகு நடந்தது கதிரவெளிக் கடற்கரையில். அம்பியொக்சசு என்று விரல் நீளத்தில் ஒரு சீவன் மணலுக்குள் புதைந்திருக்குமாம், அதுதான் நமக்கெல்லாம் பழைய உறவாம். அன்ரியின் மா அரிதட்டை எடுத்துக்கொண்டு போய் காலையிலிருந்து குனிந்து மணல் அரித்திருக்கிறான். கரைவலை இழுத்த ஆட்கள் மோதிரம் தொலைந்துவிட்டது என்று நினைத்து, வலையை விட்டுவிட்டு வந்து தாங்களும் கிண்டத் தொடங்கிவிட்டார்கள். வெகுநேரம் கழித்து ஒருவர் எத்தனை பவுன் என்று கேட்டபோதுதான் விசயம் வெளியே வந்தது.

"கறிக்கு ஆகுமா?" என்றார் அவர்.

"ஆகாது."

"மறுகா என்னத்துக்குத் தேடுறீங்க?"

அதற்குப் பதில் சொல்ல நிமிரப் பார்த்திருக்கிறான். முதுகு நிமிரவில்லை. அம்பியொக்சசு கிடைக்கவில்லை, அரிதட்டும் கிழிந்தது, அந்த ஆட்களே அவனைப் பெட்டி மாதிரித் தூக்கி ஓட்டோவில் வைத்து அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனுடைய முதுகுக்குப் பயிற்சி கொடுத்தவர் சித்தாண்டிப் பெண். பிசியோதெரபி வேலை. முதுகு சுகமான பிறகும் அவன் கிளினிக்குக்குப் போனான். எங்கே நோகிறது என்று கேட்டால் தினமும் ஒவ்வொரு இடத்தைக் காட்டினான். ஒருநாள் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி, "மச்சான், அந்தப் பிள்ளையைக் கட்டாட்டி நான் கெட்டுப்போவன். கட்டினா அசிடியன் ஆகிப்போவன்" என்றான். சிரித்துக்கொண்டு திரும்பினேன். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

அவனுடைய அம்மா காற்றாகப் பறந்து சம்பந்தம் பேசினார். பெண் வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு வரச்சொன்னார்கள். அவனுடைய அம்மா அப்பாவோடு நானும் போனேன், வழி நெடுக அவனிடம் சத்தியம் வாங்கினேன். இன்றைக்கு விலங்கியல் ஒரு சொல்லும் வாயால் வரக்கூடாது.

போய் இருந்ததும் வந்தது நண்டுக்கறி! அவன் நண்டின் காலைப் பிய்த்தான். கோப்பை விளிம்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு காலை வாய்க்குள் போட்டான். அவனுடைய வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தியாகத்தை நான் கண்டதில்லை.

கை கழுவி வந்ததும் பெண்ணின் அப்பா, நல்ல மனிதர், சந்தோசமாக ஒரு கதவைத் திறந்து காட்டினார். புதிதாகக் கட்டிய அறை. சீமெந்து மணம்கூடப் போகவில்லை. "தம்பி, இது மாப்பிள்ளைக்கெண்டே கட்டின. கலியாணம் முடிஞ்சா நீங்க இஞ்சதான். ஒரு இடமும் அலையத் தேவல்ல. நிம்மதியா இருக்கலாம்."

அவ்வளவுதான். அவன் வாய் திறந்தது. அசிடியன், வால், பாறை, பை, இரண்டு துவாரம் எல்லாம் மூச்சு விடாமல் வந்து கொட்டியது. பெண்ணின் அப்பா கதவைப் பிடித்தபடி நின்றார். இவனுடைய அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். சம்பந்தம் முடிந்தது, இனி பஸ் எத்தனை மணிக்கு என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அந்தப் பெண் கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"அப்பா, பயப்பிடாதீங்க. இவர்ர முதுகை நான் பாத்திருக்கன்."

வீடே அதிர்ந்தது. இவனுடைய அப்பா, தேத்தண்ணிக் கோப்பையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலப்பா!" என்று பெண் அவசரமாகச் சொல்லிவிட்டு இவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லிற சீவனுக்கு முதுகுநாண் இல்லாமப் போகுது, சரி. மனிசருக்கு அது என்னவாகுதெண்டு சொல்லுங்க."

"முள்ளந்தண்டெலும்புகளுக்கு நடுவில... வில்லைகளுக்குள்ள... களி மாதிரி..." அவன் குரல் மெல்ல இறங்கியது.

"மெத்தை மாதிரி இருக்கும். அது இருக்கிறதாலதான் குனியிறம், நிமிருறம். உங்களுக்குக் கதிரவெளியில நொந்ததும் அந்த மெத்தைதான். நீங்க அசிடியன் இல்ல, மனிசன். இஞ்ச வந்து இருந்தாலும் ரியூசனுக்குப் போங்க, கடற்கரைக்குப் போங்க, ஆரு வேணாமெண்டா? அரிதட்டைக் கிழிக்காம ஒள்ளுப்பம் கவனமாக் குனிஞ்சாப் போதும்."

அவன் அந்தப் புது அறைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு பெண்ணின் அப்பாவிடம், "மாமா, அறை நல்ல வடிவாயிருக்கு" என்றான். சொல்லிவிட்டு நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய், தான் சாப்பிட்ட கோப்பையில் மிஞ்சிய நண்டுக் கால்களை எடுத்து வரிசையாக அடுக்கினான். பெண் ஒன்றைத் தூக்கி இடம் மாற்றி வைத்தார். அவன் அதைத் திரும்பவும் பழைய இடத்தில் வைத்தான். சம்பந்தம் சரி என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமானது.

இப்போது அவன் சித்தாண்டியில் இருக்கிறான். இருக்கிறான் என்று சொல்வதும் பிழை. காலையில் ரியூசன், பின்னேரம் மாமனாரின் வயலுக்குள் வரம்பு வரம்பாக நண்டு ஆராய்ச்சி. மாமனாரும் பின்னால் டோர்ச் பிடித்துக்கொண்டு திரிகிறாராம். அசையாமல் இருப்பது நான்தான். அதே போர்டிங், அதே அறை, அதே மனேஜர்.

அன்ரி இன்னமும் ஞாயிறு தவறாமல் நண்டு வைக்கிறார். கறியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிரில் யாரும் காலை அடுக்காததால் நான் மளமளவென்று சாப்பிட்டு முடித்து, வெறும் கோப்பையோடு இருந்து பழகிவிட்டேன். போன ஞாயிறு பொறுக்க முடியாமல் கறியை வாளியில் போடச்சொல்லி, சித்தாண்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவன் அடுக்கி முடிக்கும்வரை நானும் கை வைக்காமல் காத்திருந்தேன். கறி நன்றாக ஆறிவிட்டது. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.