மன்னரின் இன்னொரு காது

பழைய நாணயம் புதிய உலகத்தில் நடமாட வேண்டுமானால் அதற்கு அடையாளச் சீட்டு வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. மனிதனுக்குச் சீட்டு இருக்கிறது. மாட்டுக்குக்கூடக் காதில் தொங்குகிறது. இரண்டாயிரம் வருடமாக ஒரு சீட்டும் இல்லாமல் கை மாறிக் கை மாறி ஊர் சுற்றிய நாணயங்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? இப்படி ஆழ்ந்து சிந்தித்த சமர்கந்து பழம்பொருள் அடையாள அலுவலகம், அந்த வருடத்து நாணயக் காட்சிக்கு முந்தைய நாள் சுற்றறிக்கை எண் பதினேழை வெளியிட்டது.

அதன்படி, காட்சிக்கு வரும் அரிய நாணயம் ஒவ்வொன்றையும் அங்கேயே படம் எடுத்து, சீட்டில் ஒட்டி, இயக்குநரின் கையொப்பம் வாங்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் சீட்டு பெறாத நாணயம் அடையாளமற்றதாகக் கருதப்பட்டு, அலுவலகத்தின் அன்பான பராமரிப்பில் எடுத்துக்கொள்ளப்படும். அந்த அன்பு எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். போன வருடம் பராமரிப்புக்குப் போன ஒரு செப்புக் குடம் இன்னும் வீடு திரும்பவில்லை. இயக்குநரின் ஜன்னலோரம் அதில் ரோஜாச் செடி வளர்வதாகக் கேள்வி.

இயக்குநர் அஸ்கர் சதுல்லாயெவ் இன்னும் இரண்டே மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். நாணயம் சேர்ப்பவர்கள் எல்லாரும் நோன்பு திறக்கும் நேரத்தைப் பார்ப்பதுபோல அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படம் எடுக்கும் வேலை குர்ஷிதாவுக்குக் கிடைத்தது. அந்த வேலையில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை. வெள்ளி நாணயத்தைப் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. விளக்கை ஒரு விரல்கடை தள்ளி வைத்தால் மன்னன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் போட்டோக்காரியின் மூக்கு தெரியும். அதனால் இரண்டு விளக்கு, நடுவே சாய்த்து வைத்த கண்ணாடித் துண்டு, அடியில் கறுப்பு வெல்வெட் என்று எல்லாவற்றையும் காலையிலேயே சரிபார்த்து வைத்திருந்தாள். ஒரு சமோசா தின்னக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்றரை மணிக்குச் சீட்டு வேலை ஆரம்பித்ததும் முதல் ஆளாக அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார் ஹோல்மத். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொப்பியைக் கழற்றி, அதன் மடிப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளி நாணயத்தை விளிம்பில் பிடித்து எடுத்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிளைக் கொடுத்து மாற்றிக்கொண்டது. அவர் மனைவி இன்றுவரை அதை மறக்கவுமில்லை, மறக்க விடவுமில்லை.

நாணயத்தில் தலைக்கவசம் போட்ட, பழைய பாக்திரியா நாட்டு மன்னன் ஒருவன் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்திலும் கழுத்திலும் இரண்டாயிரம் வருடம் மண்ணில் கிடந்து ஏறிய கருநீலப் படலம். அந்தப் படலத்துக்காகத்தான் அந்த நாணயத்துக்கு அவ்வளவு பேர். வீட்டை விட்டு வெளியே எடுக்காத மனிதரை, "நான் இருக்கேன், தைரியமா கொண்டாங்க அண்ணே" என்று வரவழைத்தவளே குர்ஷிதாதான்.

படம் அருமையாக வந்தது. அதைப் பக்கத்து மேஜையில் இருந்த அலுவலக எழுத்தர் மவ்ஜுதாவின் கணினிக்கு அனுப்பினாள். கணினியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"முகம் நேரா இல்லையாம் அக்கா," என்றாள் மவ்ஜுதா.

"காசுல மன்னருங்க நேரா பார்க்க மாட்டாங்கம்மா."

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. பாஸ்போர்ட் எடுக்கிற ஆபீஸ்ல வச்சிருந்த புரோகிராம். நமக்குக் கொடுத்திருக்காங்க."

இயக்குநர் வரவழைக்கப்பட்டார். கன்னங்கரேலென்று சாயம் பூசிய தலைமுடி, மேலே தொப்பி, கையில் சுற்றறிக்கை. படத்தை உற்றுப் பார்த்தார்.

"யாரு இது?"

"பாக்திரிய மன்னர் அண்ணே," என்றாள் குர்ஷிதா.

"அங்க என்ன வேடிக்கை பார்த்துட்டிருக்காரு?"

"அச்சு வெட்டினவன் அப்படி வெட்டிட்டான்."

"ஒரு காதுதான் இருக்கு. விதிப்படி ரெண்டும் தெரியணும். இன்னொண்ணு எங்க?"

"அந்தப் பக்கம் இருக்கும் ஐயா," என்றார் ஹோல்மத் பயந்துபோய்.

"அப்ப அந்தப் பக்கம் திருப்புங்க பெரியவரே, இதுல என்ன யோசனை?"

குர்ஷிதா நாணயத்தைத் திருப்பி வைத்துப் படம் எடுத்துக் காட்டினாள். மறுபக்கத்தில் இரண்டு வீரர்கள் குதிரையில் பாய்ந்துகொண்டிருந்தார்கள்.

இயக்குநரின் முகம் சிவந்தது. "காதைக் கேட்டா குதிரையைக் காட்டுறீங்களா? இதுல ரெண்டு பேரு வேற. ஒரு சீட்டுல ஒருத்தர்தான் இருக்கலாம். குதிரைக்குக் கால்நடை ஆஸ்பத்திரிச் சான்று வாங்கினீங்களா?"

"இல்லைங்க."

"சரி, குதிரையை விடுங்க. மன்னரை முதல்ல தலைக்கவசத்தைக் கழட்டச் சொல்லுங்க."

"ஐயா, அவரு செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு."

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

ஹோல்மத் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அலுவலகம் என்றால் இல்லாததையும் தேடிப் பார்க்கும் பழக்கம் அந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் உண்டு.

இயக்குநர் மனமிரங்கினார். காதையும் கவசத்தையும் பற்றி மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம், பதில் வரும்வரை நாணயம் பராமரிப்பில் இருக்கட்டும் என்றார். "ஆனா இந்த மூஞ்சியோட அனுப்ப முடியாது. ஒரே அழுக்கு. மவ்ஜுதா, வெந்நீர் கொண்டா."

மவ்ஜுதா தயாராகத்தான் இருந்தாள். ஒரு கிண்ணம் வெந்நீர், சோடா உப்பு, பல் தேய்க்கும் பிரஷ்.

குர்ஷிதா எழுந்து கிண்ணத்துக்குக் குறுக்கே கையை நீட்டினாள். "அண்ணே, வேண்டாம்! அது அழுக்கு இல்ல. ஒரு தடவை தேய்ச்சா போதும், கேன்டீன் ஸ்பூன் மாதிரி ஆயிடும். அப்புறம் அது வெறும் வெள்ளித் துண்டு."

"பளபளன்னு இருந்தா நல்லதுதானேம்மா? இப்ப யாரு மூஞ்சியை உள்ளபடி காட்டுறா? என் பொண்ணு போன்லயே தேய்ச்சுத் தேய்ச்சு, போட்டோல மூக்கே காணோம். அறுபது பேரு அழகா இருக்கான்னு எழுதியிருக்காங்க. உங்க மன்னருக்கு மட்டும் என்ன வீம்பு?"

ஹோல்மத் நாணயத்தைத் தொப்பிக்குள் மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயா, இதைக் குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி என்னைக் குளிப்பாட்டிக் கொண்டு போய்ப் புதைச்சிடுங்க," என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் பைகளிலும் ஒற்றைக் காது மன்னர்கள்தான் இருந்தார்கள். சிலருடைய நாணயங்களில் வெறும் எழுத்து மட்டும். அவற்றுக்கு எந்தக் காதைக் காட்டுவது?

மணி நான்கு இருபது. குர்ஷிதா கண்ணாடித் துண்டைத் துடைப்பதுபோல் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னாள்:

"அண்ணே, விதிப்படி முகம் எப்படி இருக்கணும்னு எனக்கே சரியா பிடிபடல. நீங்க ஒரு தடவை உக்காந்து காட்டினா புரிஞ்சுக்குவேன்."

மாதிரியாக இருக்கச் சொன்னால் மறுக்கிற அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. அஸ்கர் சதுல்லாயெவ் விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். முகத்தை நேராக வைத்தார். இரண்டு காதும், அதுவும் தாராளமான இரண்டு காதும், பளிச்சென்று தெரிந்தன. குர்ஷிதா கேமராவை அழுத்தினாள். படத்தை ஹோல்மத்தின் சீட்டு எண்ணைப் போட்டு மவ்ஜுதாவுக்கு அனுப்பினாள்.

கணினியில் பச்சை விளக்கு எரிந்தது. அன்றைக்கு முதல் பச்சை. கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். சீட்டு அச்சாகி வந்தது: பொருள், வெள்ளி நாணயம். குறுக்களவு, மூன்றரை சென்டிமீட்டர். உரிமையாளர், ஹோல்மத். பக்கத்தில் இயக்குநரின் முகம்.

இயக்குநர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது நான்தானே?"

"படத்துல ஏதாவது குறை இருக்காண்ணே?"

சுற்றறிக்கையை விரித்து ஒவ்வொரு விதியாக விரல் வைத்துப் பார்த்தார். முகம் நேர். காது இரண்டு. தலையில் ஒன்றுமில்லை. ஆள் ஒருவர். முகம் சுத்தம். "குறை இல்லை," என்றார் வேறு வழியில்லாமல்.

"நிராகரிக்கிறதா இருந்தா என்ன காரணம்னு எழுதட்டும்?" என்றாள் மவ்ஜுதா.

நிராகரிக்க ஏழு காரணங்கள் சுற்றறிக்கையில் இருந்தன. படத்தில் இருப்பது வேறு ஆள் என்பது அந்த ஏழில் இல்லை. எட்டாவது காரணம் சொல்லி நிராகரிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் அவரேதான். அவர் நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டபின் முகத்தில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது. "இப்பத்தான் போட்டோ மாதிரி இருக்கு," என்றார்.

வரிசை மொத்தமும் மேஜையை மொய்த்தது. "குர்ஷிதா அக்கா, எனக்கும் அதே போட்டோ!" "என்னோடது தங்கம், கொஞ்சம் மஞ்சளா போடும்மா!" ஐந்து மணி அடிப்பதற்குள் எண்பத்தாறு நாணயங்களும் ஒரே முகத்தோடு சீட்டு பெற்றன. வாசல் காவலர் ஒவ்வொரு சீட்டையும் பார்த்து, உள்ளே நின்ற இயக்குநரையும் எட்டிப் பார்த்து, "சரியா இருக்கு, போங்க" என்று அனுப்பினார். அன்று மாலை ஒரு அண்டாப் புலாவைச் சுற்றி உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஹோல்மத் இறைச்சியில் நல்ல துண்டாகப் பொறுக்கிக் குர்ஷிதாவின் பக்கம் தள்ளிவைத்தார். அவளுக்கும் பெருமைதான். ஏன் இருக்காது?

ஏறக்குறைய இரண்டு மாதம் போனது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அஸ்கர் சதுல்லாயெவ் மனைவியோடு விமான நிலையத்துக்குப் போனார். அங்கே முகம் பார்க்கும் இயந்திரத்தின் முன் நின்றார். அது ஒரு கணம் யோசித்துவிட்டு அலறியது. அதன் பட்டியலில் அந்த முகம் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாத அரிய பழம்பொருள். ஒன்றல்ல, எண்பத்தாறு. தங்கம், வெள்ளி, செம்பு.

"நான் மனுஷன்யா!" என்றார் அவர்.

"இருக்கலாம்," என்றார் அங்கிருந்த அதிகாரி. "அப்படின்னு ஒரு சான்றிதழ் வேணும். பழம்பொருள் அடையாள அலுவலகத்துல, இயக்குநர் கையெழுத்தோட."

தன்னைப் பற்றித் தானே சான்றளிப்பது விதிக்கு முரண். ஆகவே ஐவர் குழு அமைக்கப்பட்டது. குழுவின் உத்தரவுப்படி குர்ஷிதா போய் அவரை முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக் கொடுத்தாள். பிறகு எண்பத்தாறு உரிமையாளர்களுக்கும் அழைப்பு போனது. படிவத்தில் ஒரே ஒரு கேள்வி: சீட்டில் உள்ள படத்தில் காணப்படும் பொருள் உங்களுடையதுதானா?

ஹோல்மத் மெல்லக் கேட்டார்: "இல்லன்னு எழுதினா?"

"சீட்டு செல்லாது. நாணயம் பராமரிப்புக்கு வந்துடும்," என்றாள் மவ்ஜுதா. வெந்நீர்க் கிண்ணம் அவள் மேஜையிலேயே இருந்தது.

ஹோல்மத் குர்ஷிதாவைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். அவர் 'ஆம்' என்று எழுதினார். எண்பத்தாறு பேரும் எழுதினார்கள்.

குழு ஒரே மனதாகத் தீர்ப்பளித்தது. மேற்படி பொருள், எண்பத்தாறு குடிமக்கள் எழுத்து மூலம் உரிமை கோரியுள்ள அரிய பழம்பொருளே. அதைக் கழுவவோ, தேய்க்கவோ, சாயம் பூசவோ கூடாது. அது காணப்பட்ட இடத்திலிருந்து அகற்றவும் கூடாது. காணப்பட்ட இடம்: இயக்குநர் நாற்காலி. ஓய்வு ரத்து.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை உரிமையாளர்கள் அலுவலகத்துக்குப் போய், தங்கள் பொருள் சேதமில்லாமல் இருப்பதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். குர்ஷிதா கூடவே போய்ப் படம் எடுக்க வேண்டும். போன முறை அவர்கள் போனபோது அஸ்கர் சதுல்லாயெவ் குனிந்து சுற்றறிக்கை எண் பதினெட்டை எழுதிக்கொண்டிருந்தார். இனி எழுதுவதற்கு அவருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. முடியின் அடியில் சாயம் போய் வெண்மை ஏற ஆரம்பித்திருந்தது.

ஹோல்மத் கையெழுத்துப் போட்டுவிட்டு, குர்ஷிதாவின் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, இது இன்னும் எத்தனை நாளைக்கு?"

குர்ஷிதா கேமராவுக்குள் பார்த்தபடியே விளக்கை ஒரு விரல்கடை நகர்த்தினாள்.

"தேய்க்காம வச்சிருந்தா ரெண்டாயிரம் வருஷம் தாங்கும் அண்ணே."