ஆரன் அண்ணனின் ஜீப்

ஜீப்பே இல்லாமல் ஜீப் ஓட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் போடிநாயக்கனூர்க்காரர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கூச்சத்தில், கேட்கும் அளவுக்கு எனக்குப் பேச்சு வராது. ஊரே அவரை ஆரன் என்றது.

எழுபதுகளில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போக சொந்தமாக ஒரு ஜீப், வாழ்க்கையில் அது போதும் என்பது அவர் முடிவு. மொத்தமாக வாங்க வசதி இல்லை. அதனால் முதலில் ரப்பர் பந்து வைத்த ஆரனை மட்டும் வாங்கினார். பஜாரில் அதை அமுக்கிக்கொண்டே நடப்பார். மாட்டுவண்டிகள் ஒதுங்கி வழிவிடும்.

அடுத்து பழைய ஜீப் சீட்டுகள் வந்தன. வீட்டுக்குள் எதிரெதிரே போட்டார். பிறகு மேல்படுதா வந்தது. கூரை ஒழுகிய இடத்தில் அவர் மனைவி அதைக் கட்டிவிட்டார். வீட்டுக்கு இனிச் சக்கரம்தான் பாக்கி என்று அந்த அக்கா தெருவெல்லாம் சொன்னார்.

பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து அக்காவின் அண்ணன் வந்து அந்த சீட்டில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, பஜார்ல ஒரு கடை காலியா கெடக்கு. பாதி முதல் நான் போடுறேன். மளிகை வைப்போம்."

"மச்சான், வண்டி மலையேறிக்கிட்டு இருக்கு. நடுவழியில எறங்கச் சொல்லாதீக."

மச்சான் சுற்றிலும் பார்த்தார். சுவரில் காலண்டர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஏலக்காய் விலை எகிறிய வருடம், போடியில் தையல்காரர் முதல் ஜோசியர் வரை எல்லோரும் ஏலக்காய் வியாபாரி ஆனார்கள். இவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். விலை விழுந்தது. நொடித்துப்போன ஒரு வியாபாரி தன் ஜீப்பைப் பிரித்துப் பிரித்து விற்றார். கடைசியில் சீட், படுதா, ஆரன் மூன்றும் இல்லாத ஜீப்பை வாங்க ஆளில்லை. நம்மவரிடம் இல்லாதது அந்த ஜீப் ஒன்றுதான்.

வீடு மறுபடி ஒழுக ஆரம்பித்தது. ஜீப் ஓட ஆரம்பித்தது.

ஓடியதே தவிர, நிற்கவில்லை. மலைமேல் இருக்கும் பூப்பாறை என்று கிளம்பினால் பூப்பாறைதான். மலையடிவாரத்து முந்தலில் இறங்க வேண்டிய பால்காரப் பாட்டி, பூப்பாறைக் குளிரில் தூக்குச் சட்டியோடு இறங்கினார்.

"ஏப்பா ஆரன், அங்கிட்டு எருமை கத்திக்கிட்டுக் கெடக்கு. என்னைய எதுக்குய்யா மலையேத்துன?"

"பூப்பாறைன்னு சொல்லித்தானே ஆத்தா ஏத்துனேன்?"

ஒரே வாரத்தில் அந்த ஜீப்பில் ஏற ஆளில்லை. இத்தனை வருடம் காத்திருந்து வாங்கிய வண்டி ஸ்டாண்டில் காலியாக நின்றது. அவர் ஆரனைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா வந்து அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார்.

"போயிச் சேர்றது ஒங்க சோலி. எறங்குறது அவுக சோலி. நான் அமுக்குனா நிப்பாட்டுங்க."

கூட்டம் திரும்பி வந்தது.

எனக்கு மலைமேல் ஒரு ஏலத் தோட்டத்தில் வேலை. எந்த ஜீப்பிலும் நிறுத்தச் சொல்ல வாய் வராது. யாராவது இறங்கும் இடம்வரை போய்த் திரும்பி நடப்பேன். ஒருநாள் ஆரன் அண்ணன் ஜீப்பிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா தூங்கிவிட்டார். ஆரன் சத்தமே கேட்கவில்லை. ஆனால் எங்கள் தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில் ஜீப் தானாக நின்றது.

"எறங்கு அப்பு. நீ கேக்க மாட்டேன்னு தெரியும்."

இப்போதும் பஸ்ஸில் இடம் தாண்டித்தான் இறங்குகிறேன். திரும்பி நடக்கும்போதெல்லாம், பின்னால் அந்த ஆரன் கேட்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பேன்.