லேசாகக் கை வைத்த குதிரை

எதையும் கெடுப்பதற்கென்றே பிறந்த சிலர் உண்டு. அவர்களை ஊருக்கே தெரியும். தெருமுனையில் தலை தெரிந்ததுமே நல்ல பொருள்களை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம். நான் சொல்ல வந்தது அவர்களை இல்லை. இது வேறு இனம். லேசாகக் கை வைப்பவர்கள். நீங்கள் நாலு நாள் மெனக்கெட்டு எழுதிய கல்யாண வாழ்த்தை வாங்கிப் படிப்பார்கள், "பிரமாதம்!" என்பார்கள், சொல்லிக்கொண்டே பேனா மூடியைத் திறப்பார்கள். நீங்கள் பிசைந்த மாவில் இன்னொரு சிட்டிகை உப்பு, நீங்கள் பின்னிவிட்ட சடையில் இன்னொரு முடிச்சு, நீங்கள் சொல்லி முடித்த நகைச்சுவைக்கு இன்னொரு முடிவு. கோபித்துக்கொள்ளவும் முடியாது. எல்லாம் அன்பு. அன்போடு வருகிற கையை எப்படித் தட்டிவிடுவது?

இந்த இனம் எங்கும் பிழைக்கும் என்றாலும், கொழுகொழுவென்று வளர்வது பள்ளிக்கூட நூலகத்தில்தான். அதிலும் நாரின் என்கிற எங்கள் மலை நகரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றின் நூலகத்தில் முப்பத்தோரு வருஷமாக வேரூன்றியிருக்கும் உம்சுனாய் எஜேயைப் போல ஒரு முழு வளர்ச்சி பெற்ற மாதிரியைத் தேடினாலும் கிடைக்காது. (எஜே என்றால் அக்கா. எங்கள் பக்கம் டீச்சரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் காது சிவந்துவிடும்.) சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, அதன் வலது பையில் அழிப்பான், இடது பையில் வெள்ளை வர்ணப் புட்டி, தலைத்துணிக்குள் செருகிய பென்சில். நூலகத்தில் புத்தகங்களும் இருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நூலகம் என்பது இனி வாசிக்க மட்டும் அல்ல, பிள்ளைகளின் படைப்பாற்றல் ஊற்றெடுக்க வேண்டிய இடம் என்று அதில் எழுதியிருந்தது. எஜே மறுநாளே ஊற்று வெட்டிவிட்டார். ஒரு வட்ட மேசை, ஆறு நாற்காலி, 'படைப்பாற்றல் மூலை' என்று ஒரு பலகை, வர்ணங்களும் தூரிகைகளும் வைத்துப் பூட்டிய ஒரு கண்ணாடி அலமாரி. பூட்டு எதற்கு என்று புதிதாக வந்த ஒரு டீச்சர் கேட்டாள்.

"திறந்து வச்சா பசங்க எடுத்துடுவாங்களே!" என்றார் எஜே.

புதன்கிழமை தோறும் மூலை கூடும். "சுதந்திரமா வரைங்க கண்ணுங்களா. மனசுல என்ன தோணுதோ அது. யாரும் உங்களைக் கேட்கப் போறதில்ல. வானம் மேலே இருக்கணும்." பிள்ளைகள் வரைந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்குப் பிறகுதான் எஜேயின் நேரம். அவருக்கு மனசு கேட்காது. வியாழக்கிழமை காலை வந்து பார்த்தால் எல்லாச் சூரியன்களுக்கும் இமை மயிர் முளைத்திருக்கும். மலைகள் மும்மூன்றாக, நடுவில் இருப்பது சற்றே உயரமாக எழுந்து நிற்கும். அப்பாக்களுக்குத் தொப்பை கரைந்திருக்கும். ஒரு பையன் தன் அண்ணன் பட்டாளத்துக்குப் போன அன்று அழுததை வரைந்திருந்தான். ஒரு வாரத்தில் அண்ணன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். கேட்டால், "நான் ஒண்ணும் பண்ணலைப்பா, லேசாத்தான் கை வச்சேன்" என்பார். போன வருஷம் வந்த ஆய்வுக் குழு, 'இப்பள்ளியின் நூற்றுப் பத்து மாணவர்களும் ஒரே பார்வையோடு வரைகிறார்கள். முறையான பயிற்சியின் வெற்றி' என்று எழுதிக் கொடுத்தது. எஜே அதைச் சட்டம் போட்டு மாட்டினார். உச்சி குளிர்ந்துவிட்டது அவருக்கு.

இந்த வருஷம் நவம்பர் கண்காட்சிக்குத் தலைப்பு, 'எங்கள் வீட்டில் ஒருவர்'. ஆறாம் வகுப்பு குந்தூஸ் ஒரு குதிரை வரைந்து கொண்டுவந்தாள். ஒல்லியான பெண், பேச்சு குறைவு, நகத்தில் எப்போதும் கரி.

"என்னடி, காதைப் பாதியிலேயே விட்டுட்டே? மணி அடிச்சுட்டாங்களா?"

"இல்ல எஜே. அதுக்கு இடது காது அவ்வளவுதான். குட்டியா இருக்கும்போது பனியில கருகி விழுந்துடுச்சு."

"சரி, காலு? மூணு காலுக்கு வெள்ளை அடிக்க மறந்துட்டியே."

"மறக்கலை. வலது பின்னங்கால் ஒண்ணுதான் வெள்ளை."

"ஏன் அப்படி?"

குந்தூஸ் யோசித்தாள். "அது அப்படித்தான் எஜே."

பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "இது எங்க ஜெர்தே. செம்பழுப்பு நிறம், அதான் அந்தப் பேரு. கோடை மேய்ச்சல்ல இருந்து இறங்கும்போது காணாமப் போயிடுச்சு. அப்பா தினம் மலை மலையாத் தேடுறாரு. கண்காட்சிக்கு எல்லா ஊர்லேருந்தும் அப்பாங்க அம்மாங்க வருவாங்கல்ல? யாராச்சும் பார்த்து, இது எங்க மந்தையில நிக்குதேன்னு சொல்ல மாட்டாங்களா? சோகும் ஆரம்பிக்கிறதுக்குள்ள சொல்லணும் எஜே."

குளிர் இறங்கினால் வீட்டுக்கு வீடு குதிரை அறுத்துக் குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கிற ஊர் இது. அதுதான் சோகும். கேட்பாரில்லாமல் அடுத்தவன் மந்தையில் நிற்கிற பெட்டைக் குதிரைக்குப் பனி விழுந்த பிறகு எத்தனை நாள் ஆயுசு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உம்சுனாய் எஜேக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது.

"நட்ட நடுவுல மாட்டுறேன்டி தங்கம். எல்லார் கண்ணும் அதுலதான் விழும்."

"காதை அப்படியே விட்டுடுங்க எஜே."

"நான் எதுக்குடி தொடப் போறேன்?"

சொன்னபடி அவர் தொடவில்லை. ஒரு முழு நாள் தொடவில்லை. வியாழன் மத்தியானம் படத்தை நடுச்சுவரில் மாட்டினார், நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார், பகீரென்றது. பாதிக் காதும், மூன்று காலுறையைத் தொலைத்துவிட்டு வந்தது மாதிரி ஒற்றை வெள்ளைக் காலுமாக நிற்கிற இந்தப் பரிதாபத்தை யார் நின்று பார்ப்பார்கள்? பார்க்காவிட்டால் குதிரை எப்படிக் கிடைக்கும்? எல்லாம் அந்தப் பெண்ணுக்காகத்தான். தலைத்துணியிலிருந்து பென்சில் இறங்கி, காது மட்டும், லேசாக, என்று தொடங்கிற்று. காது வளர்ந்ததும் கால் உறுத்தியது. ஒற்றை வெள்ளைக்குத் துணையாக இன்னொரு வெள்ளை வந்தது. பின்னால் இரண்டும் வெளுத்துவிட்டபின் முன்னங்கால்கள் என்ன பாவம் செய்தன? பிடரி சீவப்பட்டது. கண்ணுக்கு இமை மயிர் வந்தது. நாலு மணிக்குக் குதிரை மூக்கும் முழியுமாக நின்றது. எஜே கையைத் துடைத்துக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. பிள்ளைகள் தங்கள் கண்காட்சியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக அவர்களைத் தாழ்வாரத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நீள மேசையில் எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவு உருண்டைகள், வட்டம் வட்டமாக அரிந்த குதிரைத் தொத்திறைச்சி, தேநீர். ஆய்வுக் குழுத் தலைவர் நேராகக் குதிரையின் முன்னால் போய் நின்றார்.

"ஆறாம் வகுப்பா? நம்ப முடியலையே!"

"பிள்ளைங்களோட கற்பனைதாங்க. நான் சும்மா பக்கத்துல நின்னேன்" என்றார் எஜே, அடக்கமாக.

அப்போது இன்னொருவரும் அந்தப் படத்தருகே வந்தார். தோக்தோசுன், மேல் ஊரில் மந்தை மேய்க்கிறவர், எட்டாம் வகுப்பு மகளுக்காக வந்திருந்தார். ரோமத் தொப்பி ஒரு கையில், கடித்த போர்சோக் இன்னொரு கையில்.

"எஜே, இது நிஜக் குதிரையா, சும்மா வரைஞ்சதா?"

"நிஜம்தான் தம்பி. காணாமப் போன குதிரை. பாவம், அந்தப் பொண்ணு தேடிக்கிட்டிருக்கா."

"அப்படியா! எங்க மந்தையோட ஒரு செம்பழுப்புப் பெட்டை வந்து சேர்ந்திருக்கு. அதான் ஒரு நிமிஷம் திக்குன்னுச்சு." படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார், சிரித்தார். "ஆனா அதுக்குப் பாதிக் காதுதான். காலும் ஒண்ணுதான் வெள்ளை. இது ராஜா வீட்டுக் குதிரையால்ல இருக்கு! நாங்களும் ரெண்டு மாசமாச் சொல்லிப் பார்த்துட்டோம், யாரும் வரலை. ஞாயித்துக்கிழமை சோகும். இனிமே என்ன செய்றது."

எஜேக்குப் பேயறைந்த மாதிரி ஆயிற்று. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: அந்தக் காதை ஒட்டவைத்தது நான். ஆனால் அவர் முழங்கைக்கு அருகில் தலைவர் நின்று, இந்தப் படத்தை மாகாணப் போட்டிக்கே அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எஜே வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா தம்பி?"

தோக்தோசுன் இன்னொரு கிண்ணம் குடித்தார். பார்வையாளர் குறிப்பேட்டில் 'குதிரை மிக அழகு' என்று எழுதி, கீழே பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டார். கணவாய்ப் பக்கம் மேகம் இறங்குகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

குதிரைக்கு முதல் பரிசு கொடுத்த குழுவை வண்டி ஏற்றிவிட்டு எஜே வெறும் நூலகத்துக்குத் திரும்பி வந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கை அரிக்கவில்லை. உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

குந்தூஸ் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். முதல் பரிசுச் சான்றிதழைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாள். படத்தின் இடது காதைக் கரி படிந்த நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வர்ணமெல்லாம் அலமாரியில் பூட்டிக் கிடந்ததால், யாரோ மிச்சம் வைத்த கறுப்புத் தேநீரில் விரலை நனைத்து நனைத்து புதிதாக வெளுத்த மூன்று கால்களிலும் தேய்த்தாள்.

"என்னடி பண்றே? பரிசு வாங்கின படம்டி!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "திருத்துறேன், எஜே."

எஜே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உன் குதிரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டீ ஊற்றியதையும் சொன்னார்.

குந்தூஸ் திட்டவில்லை, அழவும் இல்லை. "நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கூப்பிட்டு வாயால் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் காது வளர்ந்த கதையையும் சொல்ல வேண்டியிருக்குமே. எஜே தன் போனில் படத்தைப் படம் பிடித்தார். பிடித்ததைப் பார்த்தார். தேநீர்க் கறையும் நகக் கீறலுமாக ஒரே மங்கல். திரையின் ஓரத்தில் வெளிச்சம் கூட்டுகிற பொத்தான் ஒன்று இருந்தது. பாவம், லேசாக. அழுத்தி அனுப்பிவிட்டார்.

தோக்தோசுன் வழியில் பெட்ரோல் போட நின்றிருக்க வேண்டும், உடனே குரல் செய்தி வந்தது. "எஜே, இது பொன்னிறக் குதிரைல்ல? எங்ககிட்ட இருக்கிறது செம்பழுப்பு. வேற எங்கயாவது தேடச் சொல்லுங்க எஜே, பாவம்."

குந்தூஸ் கையை நீட்டினாள். எஜே போனைக் கொடுத்தார். அவள் இன்னொரு படம் பிடித்து, பார்க்காமலே அனுப்பினாள். வண்டி கணவாய் ஏறினால் சிக்னல் இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பதினோரு நிமிஷம் கழித்து மறுபடி தோக்தோசுனின் குரல் வந்தது.

"அடடா, இதேதான்! அந்தக் காது இதேதான் எஜே! அப்பாவைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வரச் சொல்லுங்க. ஒரு நாள் தள்ளிச்சுன்னா தட்டுலதான் பார்க்கணும்."

சனிக்கிழமை போனார்கள். ஜெர்தே குந்தூஸைக் கண்டதும் கனைத்துக்கொண்டு ஓடிவந்து அவள் தோளில் முகம் புதைத்தது என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். நடந்தது அது இல்லை. இரண்டு மாசம் அடுத்தவர் புல்லைத் தின்று கொழுத்திருந்த அது யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அப்பாவின் சட்டைக் கையைக் கடித்தது, புது மந்தையை விட்டு வர மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. மூன்று ஆள் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. குந்தூஸ் அந்தப் பாதிக் காதைப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக அழுதாள்.

படம் இன்னும் நடுச்சுவரில்தான் இருக்கிறது. காது இருந்த இடத்தில் காகிதம் பிய்ந்து ஓட்டையாகிவிட்டது. கண்ணாடி அலமாரியில் பூட்டும் இருக்கிறது. சாவி மட்டும் இப்போது பூட்டிலேயே தொங்குகிறது. உம்சுனாய் எஜே அந்தப் படத்தைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கிறார். பைகள் மட்டும் கொஞ்சம் அசைகின்றன.

அவர் கதை அவ்வளவுதான். உங்களைத்தான் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குதிரை ஒரே ஒரு தடவையாவது கனைத்திருக்கலாம், அதிகம் வேண்டாம், லேசாக, என்று சற்றுமுன் உங்களுக்குத் தோன்றியதே? சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். அழிப்பான் இருக்கும்.