படிக்கட்டு மேடமும் நாலு சிமெண்டுப் படிகளும்

இராஜபாளையத்தில் ஒரு முதலாளியை மொட்டை வெயிலில் சிமெண்டுப் படியில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவரும் இந்த ஊர்க்காரர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போனவர்.

எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் தொழிலாளர் நலனைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசர் அவர். சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குப் படிக்கட்டு மேடம். நான் டெஸ்பாட்சில் பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் அவரும் நம்மைப்போல சாதாரண மனுஷிதான். மதுரையில் டிரான்சாக்‌ஷனல் அனாலிசிஸ் என்றொரு பயிற்சி நடப்பதாகத் தகவல் வந்தது. ஏதோ பேங்க் சமாசாரம் என்று நினைத்து முதலாளி அவரை அனுப்பிவைத்தார். திரும்பி வந்தவர் பேங்க் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் மூன்று பேர் குடியிருக்கிறார்கள் என்றார். அதட்டுகிற அப்பா, அழுகிற சின்னப்பிள்ளை, நிதானமாகப் பார்த்துப் பேசுகிற பெரிய ஆள். நாம் வாயைத் திறந்தால் இதில் யார் பேசுவது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. கண்ணெதிரே கிடக்கும் விஷயத்தை மனிதன் நாலு விதமாகத் தட்டிக்கழிக்கிறான் என்றும் கற்றுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் கெட்ட நேரம், அவருடைய அறைக்கு ஏறவும் நாலு படி. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பவர் முதல் படியில் நிற்க வேண்டும். இருக்கிறது, ஆனால் பெரிய விஷயமில்லை என்பவருக்கு இரண்டாம் படி. பெரிய விஷயம்தான், ஆனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றால் மூன்றாவது. செய்யலாம், ஆனால் என்னால் ஆகாது என்றால் நாலாவது. நாலையும் தாண்டியவருக்குத்தான் உள்ளே ஃபேன் காற்று.

சாம்பாரில் உப்பு அதிகம் என்று புகார் வந்தபோது கேன்டீன் மாஸ்டர் முதல் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தார். மேடம் ஒரு டம்ளர் சாம்பாரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். மாஸ்டர் பாதி டம்ளரில் மூன்று படி ஏறிவிட்டார்.

அவர் காதுக்கு ஆகாத வார்த்தை ஒன்று உண்டு. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த ஒண்ணுமில்லாததைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விடமாட்டார். ஒருமுறை பஸ்ஸில் பின் சக்கரத்துப் பக்கம் சத்தம் கேட்டிருக்கிறது. வழக்கமா வர்றதுதான், ஒண்ணுமில்ல என்றார் டிரைவர். மேடம் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சக்கரத்தருகே நின்றுகொண்டார். திட்டிக்கொண்டே குனிந்த டிரைவர், சக்கரத்து போல்ட்டைக் கையாலேயே சுற்ற முடிவதைப் பார்த்து ஸ்பேனர் எடுக்க ஓடினார். அதற்குப்பிறகு அந்த பஸ்ஸில் முன் சீட் மேடத்துக்கு எப்போதும் காலியாக இருக்கும்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களை வாய்மேல் கைவைக்கச் செய்தது கோமதி விவகாரம்.

கோமதி வன்னியம்பட்டிப் பெண். துணியை நறுக்கிச் சுருட்டும் மேசையில் வேலை. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்பெனியே திரண்டுபோய்ச் சாப்பிட்டு வந்த கல்யாணம். அவள் மறுபடி வேலைக்கு வந்த கொஞ்ச நாளில் வெளியூரிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. வெள்ளை வெளேரென்ற பேண்டேஜில் இரத்தம் தெளித்ததுபோல் சிவப்புப் புள்ளிகள். பிரித்துப் பார்த்தால் எல்லாம் கோமதி மேசைச் சரக்கு. அவள் கையிலோ ஒரு கீறல்கூட இல்லை. மெஷினில் துரு இல்லை என்று ஃபிட்டர் அண்ணாச்சி சத்தியம் செய்தார். முதலாளி அவளைக் கணக்கு முடித்து அனுப்பச் சொல்லிவிட்டார். கோமதியின் புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிவதே இவள் சம்பளத்தில்தான்.

மேடம் முதலாளி, கோமதி இரண்டு பேரையும் படிக்கு அழைத்தார். முதலாளி வந்ததே எங்களுக்கு அதிசயம். வந்தவர் இரண்டாம் படியில் நின்று, "இதுல பேச என்ன இருக்கு? ஒழுங்கா வேலை செய்யத் தெரியாதவள வெளிய அனுப்பணும். அம்புட்டுதான்" என்றார்.

"இது நீங்க பேசல முதலாளி, உங்க அப்பா பேசுதாரு" என்றார் மேடம்.

நாங்கள் அனைவரும் ஆபீஸ் வாசலுக்கு மேலே மாலையோடு தொங்கிய பெரிய முதலாளியின் படத்தைப் பார்த்தோம். முதலாளியும் பார்த்தார். அதற்குமேல் அவர் அதட்டவில்லை.

கோமதி தேம்பிக்கொண்டிருந்தாள். மேடம் அவளைச் சமாதானப்படுத்தவில்லை.

"அழுறது உனக்குள்ள இருக்க சின்னப்பிள்ளை. அது செத்த நேரம் அழுகட்டும். பொறவு நீ வந்து பேசுட்டி."

பெரிய கோமதி வரும்வரை முதலாளி உட்பட எல்லாரும் வெயிலில் காத்திருந்தோம். அழுகை அடங்கியதும் மேடம் அவளிடம், இந்தச் சிவப்பை வேறு எங்காவது பார்த்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டார்.

கோமதி யோசித்தாள். "ரவிக்கைக் கழுத்துல சோப்பு போட்டா இப்படித்தான் சிவக்கும் மேடம். அதெல்லாம் ஒண்ணுமில்ல, மஞ்சக்கயிறு பட்டதுதான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் காதுக்கு ஆகாத அந்த வார்த்தை வந்துவிட்டதே!

கேன்டீனிலிருந்து மஞ்சள்பொடி வந்தது. அதைத் தண்ணீரில் குழைத்து, திரும்பி வந்த துணியில் ஒரு சொட்டு விட்டார். மஞ்சள் சொட்டு எங்கள் கண்முன்னே மெல்லச் சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் யார்? கோமதிக்கே ஆரத்தி கரைத்த பெண்கள் அங்கே நின்றார்கள். புதுப்பெண்ணின் கழுத்தில் தாலிக்கயிறு தொங்குவதை யார் உற்றுப் பார்ப்பார்கள்? குனிந்து சுருட்டும்போதெல்லாம் வியர்வையோடு அது துணியை உரசியிருக்கிறது.

முதலாளி சத்தமில்லாமல் மூன்றாம் படிக்கு ஏறியிருந்தார். "சரி மேடம், காரணம் தெரிஞ்சுபோச்சு. அதுக்காகக் கயித்தக் கழட்டுன்னு சொல்ல முடியுமா? நாம என்ன செய்ய?"

கோமதியின் கை கழுத்துக்குப் போனது.

"வெறும் மஞ்சள் சிவக்காது முதலாளி. துணியில, வெளுக்கப் போடுற காரச் சோடா மிச்சம் இருந்தாத்தான் சிவக்கும்" என்றார் மேடம். "வெளுத்த துணிய அலசுறதுல ஒரு தண்ணியக் குறைச்சது யாரு?"

கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது குறைத்த அலசல். மழை பெய்து கிணறு நிறைந்தும் யாரும் அதைத் திரும்ப நினைக்கவில்லை. முதலாளி யாரும் சொல்லாமலே நாலாம் படி ஏறினார். சிவந்த துணியை விரலில் சுற்றிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாந்தான் மேடம். இத ஒருத்தர் புண்ணுல கட்டியிருப்பாகளே" என்றார்.

அன்றே அலசல் பழையபடி ஆனது. சுருட்டும் பெண்கள் எல்லாருக்கும் கழுத்தை மூடுகிற கோட்டு வந்தது. கோமதியின் வேலை நிலைத்தது. அவளை வெளியே அனுப்பியிருந்தால் புள்ளியும் நின்றிருக்கும், துணியில் சோடாவும் அப்படியே இருந்திருக்கும், நாங்களும் நிம்மதியாகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்போம்.

போன வருடம் மேடம் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, பால்கோவா எல்லாம் ஆயிற்று. பேசவந்த முதலாளி பாதியிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். மேடம் மட்டும் கல்லுப்போல இருந்தார். அறையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவரிடம், எங்களை விட்டுப் போவது கஷ்டமாக இல்லையா என்று கோமதி கேட்டாள். அவள் இப்போது பேக்கிங் பிரிவுக்கே பொறுப்பு.

"அதெல்லாம் ஒண்ணுமில்லட்டி" என்றார் மேடம்.

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. எங்களைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, தானே இறங்கிப்போய் முதல் படியில் நின்று அழுதார். கோமதி போய்ப் பக்கத்தில் நின்றாள். பிறகு முதலாளி, ஃபிட்டர் அண்ணாச்சி, கேன்டீன் மாஸ்டர், நான். அத்தனை பேருக்கும் அந்தப் படியில் இடம் இல்லை. ஆனாலும் யாரும் மேலே ஏறவில்லை.