சிமிட்டாத திரை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மகத்தான சாதனை, திரை சிமிட்டாமலிருக்கக் கண்டுபிடித்த வழிதான் என்பது அந்த மருத்துவமனை இயக்குநரின் அசைக்க முடியாத கருத்து.

காத்திருப்போர் கூடத்துத் திரையில் நோயாளிகளின் பெயரும் நிலையும் கீழிருந்து மேலே நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் பழையதை அழித்துப் புதிதாக வரைந்ததால், திரை ஓயாமல் வெட்டி வெட்டி மின்னியது. புரோகிராமருக்குத் தீர்வு தெரியும்.

"ரெண்டு பக்கம் வச்சுக்கலாம் சார். ஜனங்க முன்பக்கத்தைப் பாத்துட்டிருக்கும்போதே, பின்னாடி ஒளிஞ்சிருக்கிற பக்கத்துல அடுத்ததை வரைஞ்சிடுவோம். முடிஞ்சதும் சட்டுனு மாத்திடலாம். அழிக்கிறதும் திருத்துறதும் யார் கண்ணுலயும் படாது."

"யார் கண்ணுலயுமா?"

"படாது சார்."

இயக்குநருக்குக் கண் கலங்கியது. "இதைத்தானேய்யா இத்தனை வருஷமா நாங்க கையாலயே செஞ்சிட்டிருந்தோம்!"

உயர்மட்டக் கூட்டம் கூடியது. பக்கம் மாற்றும் 'அதிகாரம்' இயக்குநரின் மேசைப் பொத்தானுக்கு வழங்கப்பட்டது.

"வினாடிக்கு அறுபது தடவை மாத்தணும் சார்," என்றார் புரோகிராமர்.

"எதுக்கு அவசரம்? வாரத்துக்கு ஒரு தடவை போதும்."

அதன்பின் உண்மை நிலை பின்பக்கத்திலேயே காத்துக் கிடக்க, முன்பக்கத்தில் புதிதாகச் சேரும் பெயர் உட்பட எல்லாப் பெயர்களும் தாமாகவே 'நலம்' என்ற சொல்லோடு வழுக்கிக்கொண்டு ஏறின. அதுவரை உறவினர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊழியரை நவீனமயம் வீட்டுக்கு அனுப்பியது. 'ஒளிவுமறைவற்ற நிர்வாக'த்துக்கான விருதும் வந்து சேர்ந்தது.

ஒருநாள் புரோகிராமரின் அக்காவை அவசர அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். கூடத்தில் அத்தான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"நலம்னு போட்டிருக்கான் மாப்ளே. என்னமா ஓடுது பாரு, வெண்ணெய் மாதிரி!"

அது யாராயிருந்தாலும் வரும் 'நலம்' என்பது புரோகிராமருக்கல்லவா தெரியும்? கணினி அறைக்கு ஓடிப் பின்பக்கத்தைத் திறந்தார். அக்கா பெயருக்கு நேரே, 'ரத்தம் தேவை. உறவினர் உடனே வரவும்' என்று காலையிலிருந்தே காத்துக் கிடந்தது. இயக்குநரின் பொத்தானுக்குக் காத்திராமல், அங்கிருந்தே பக்கத்தை மாற்றினார்.

கூடமே எழுந்து அலறியது. அத்தான் ரத்தம் கொடுக்க ஓடினார். ஆளாளுக்குக் கதவைத் தட்டினார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் விசாரணை. "உண்மையைக் காட்டினது குத்தமா சார்?" என்றார் புரோகிராமர்.

"சேச்சே, உண்மைக்கு நாங்க விரோதியா?" என்று பணிநீக்க உத்தரவில் கையெழுத்திட்டபடியே இயக்குநர் பரிவோடு சொன்னார். "பாதியில காட்டினீங்க பாருங்க, அதுதான் தப்பு. கொஞ்சம் பொறுத்திருந்தா, உங்க அக்கா கதை முடிஞ்சதும் நாங்களே காட்டியிருப்போமே!"