நட்டு முடுக்கும் மெஷினும் என் இடது கை விரலும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே நாங்கள் இருவரும் நலமா என்றால், கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் "சரிப்பா, சரிப்பா, பயப்படாதீங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார்.

விஷயம் இதுதான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓர் இரும்பு ஸ்டாண்டு இருக்கிறதே, அதன் கால்களைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு போல்டுகளும் தளர்ந்துபோய், காற்றடித்தால் தொட்டி ஆடுகிறது. "நான் லீவுல வந்து முடுக்கித் தரேன், நீங்க கை வைக்காதீங்க" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் போன தடவை நீ விட்டுவிட்டுப் போன பயிற்சிப் புத்தகம் அலமாரியில் கண்ணில் பட்டது. மெஷினால் நட்டு முடுக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகள் என்று அட்டையில் போட்டிருந்தது. பாதுகாப்பு முறைக்கென்று ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்கள் என்றால் அந்த மெஷின் எவ்வளவு ஆபத்தானதாக இருக்க வேண்டும்! நீ மெஷினால் நட்டு முடுக்கும் அந்த வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, எட்டு மாதமாக எனக்கு இதே பயம்தான். ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டால் பயம் தெளியும் என்று, தெருமுனை வாடகைக் கடையில் அதே மாதிரி மெஷின் ஒன்றை எடுத்து வந்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சார், இதை யார் பிடிக்கப் போறது?" என்றார். "என் பொண்ணு இந்த வேலையிலதான் இருக்கா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மிக்ஸி ஆனாலும் வாஷிங் மெஷின் ஆனாலும் கூடவே வரும் குறிப்பை நான் சத்தமாகப் படிப்பேன், உன் அம்மா அதன்படி செய்வாள். தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன், விதிமுறை படிப்பதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அதே ஏற்பாட்டில்தான் மாடிக்குப் போனோம். மெஷினின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கிறது. நட்டு சுற்றும்போது மெஷின் எதிர்ப்பக்கம் சுற்றிவிடாமல் இருக்க, அந்தக் கை எதிலாவது முட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். பக்கத்தில் தொட்டியிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாய் இருந்தது, அதிலேயே முட்டக் கொடுத்தோம். ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று, குழாயை ஒட்டிய ஸ்டாண்டின் காலை நான் இடது கையால் பிடித்துக்கொண்டேன். வலது கையில் புத்தகம். மெஷின் உன் அம்மா கையில். பதினோராம் பக்கத்தின் கடைசி வரியில் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று போட்டிருந்தது, படித்தேன். பக்கத்தைப் புரட்ட, புத்தகம் பிடித்த கையின் கட்டைவிரலை நாக்கில் வைக்கிறேன், அவள் அழுத்திவிட்டாள்.

மகளே, அந்த மெஷின் வேகமாகச் சுற்றியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நிதானமாகச் சுற்றுகிறது, ஆனால் எதற்கும் நிற்க மாட்டேன் என்கிறது. குனிந்திருந்த என் தோளில் கிடந்த துண்டின் நுனி அதில் மாட்டி, மடிப்புக் கலையாமல் சுற்றிக்கொண்டே போக, என் கழுத்தும் பின்னாலேயே போகிறது. நான் கிட்டத்தில் பார்க்கக் குனிகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் அம்மா, "என்னங்க, அடுத்து என்ன போட்டிருக்கு, படிங்க" என்கிறாள். குரல் வந்தால்தானே படிப்பதற்கு! ஸ்டாண்டைப் பிடித்திருந்த இடது கையை எடுத்துத் துண்டைப் பிடித்து இழுத்தேன். அதே சமயம் குழாய் படாரென்று உடைந்தது, இரும்புக் கை விசுக்கென்று திரும்பி ஸ்டாண்டின் காலில் மோதியது. என் விரல்கள் ஒரு நொடிக்கு முன்னால் இருந்த அதே இடத்தில், இரும்பில் ஒரு பள்ளம். அப்புறம்தான் அவள் சுவிட்சை விட்டாள். துண்டைக் கத்தரித்து என்னை விடுவிப்பதற்குள், தொட்டித் தண்ணீர் முழுவதும் கீழ் வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த போர்வைகள் மேல் இறங்கிவிட்டது. அவர் மூச்சிரைக்க மேலே வந்து, "என்ன சார், எங்க வீட்டுக்கு மட்டும் தனியா மழையா?" என்று கேட்டார். நான் ஈரத்தில் உட்கார்ந்து பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மெஷினைப் பிடிப்பவரே சுவிட்சையும் அழுத்த வேண்டும், இன்னொருவர் கை கிட்டே வரக் கூடாது. இரும்புக் கையை உறுதியான இடத்தில் மட்டுமே முட்டக் கொடுக்க வேண்டும், அந்த இடுக்கில் யாருடைய விரலும் இருக்கக் கூடாது. தொங்கும் துணி கூடவே கூடாது. ஒன்று பாக்கி விடாமல் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தோம்.

சிரிக்காதே. அந்தப் பள்ளத்தைப் பார்த்தபோது எனக்கு என் விரல் ஞாபகம் வரவில்லை, உன் விரல்கள்தான் ஞாபகம் வந்தன. நான் ஒரு போல்டோடு பட்ட பாடு இது, நீ ஒரு நாளைக்கு இருநூறு முடுக்குவதாகச் சொல்கிறாய். உன்னோடு வேலை செய்பவர் அவசரக்காரரா? நீ கையை எடுப்பதற்கு முன்னால் அழுத்திவிடுகிற ஆளா? முடியை இறுக்கிக் கட்டிக்கொள்கிறாயா? இதையெல்லாம் கேட்டால் "எல்லாம் தெரியும்ப்பா" என்பாய். எனக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் நான் மாடிக்குப் போனேன். எனக்குப் பயமாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் உன் மேலாளருக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். மேஜையும் நாற்காலியும் உள்ள வேலை ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்.

கொண்டு பிறந்த பத்து விரலோடும் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நீ படிக்காத மாதிரி வைத்துக்கொள். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மாடியில் அந்த மெஷின் சத்தம் கேட்டு அலறியடித்து ஓடினேன். உன் அம்மா பன்னிரண்டாம் பக்கம் தொடங்கிப் புத்தகம் முழுவதையும் தானே படித்திருக்கிறாள். இரும்புக் கையைச் சிமெண்டுக் கட்டையில் முட்டக் கொடுத்து, மெஷினை இரண்டு கையாலும் தானே பிடித்து, மூன்று போல்டை முடித்துவிட்டு நான்காவதில் இருந்தாள். கிட்டே போனேன். "அங்கேயே நில்லுங்க, இடுக்குல கையை விடாதீங்க" என்று ஓர் அதட்டல். முடிந்ததும் தொட்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. கீழே வந்து பார்த்தால் ராஜினாமாக் கடிதத்தைக் காணோம். அதுவும் அவளிடம்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில், ஐம்பத்தாறு வயதுப் பெண்களை வேலைக்கு எடுப்பீர்களா என்று உன் மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். வேறு தாள் தரவும் மாட்டாளாம், இதையேதான் அனுப்ப வேண்டுமாம். அனுப்புகிறேன். மேலாளரிடம் நீட்டும்போது என் பக்கத்தை மட்டும் அடித்துவிடு, கண்ணு.